தலை துலுக்குதலும் கை கொட்டுதலும்

தமிழர் ஒருவர் தலையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் அஃது உடன்பாட்டின் குறி. 'சரி' என்பதும், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதும், 'மேலே சொல்லுங்கள்' என்பதும் அந்த ஓர் ஆட்டத்திலே அடங்கும். கச்சேரியில் இரசிகர் தலை ஆடினால் அது பாராட்டு. எதையும் ஆராயாது இசைபவனைத் தலையாட்டிப் பொம்மை என்று உலகம் சொல்லும். இத்தகைய வழக்குடைய மக்களிடத்தே, இயேசு சிலுவையில் தொங்கியபோது அவ்வழியே சென்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு சென்றார்கள் என்று ஒருவர் படித்துக் காட்டுவாராயின், கேட்போர் யாது கருதுவர்? அவ்வழிப்போக்கர் இரங்கினர் என்றோ, அவர் சொல்லுக்கு இசைந்தனர் என்றோ அன்றோ கருதுவர்? மூலநூல் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிரானது. எபிரேயரிடத்தே தலையை அசைத்தல் ஏளனத்தின் குறி. வீழ்ந்தவனைப் பார்த்து, 'நன்றாக வேண்டும் உனக்கு' என்று வாய் திறவாமல் சொல்லும் முறை.

விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கப் புகுந்தோர் இச்சிக்கலை எதிர்கொண்டே தீரவேண்டியிருந்தது. அவர்கள் வரிசை நெடியது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். இலங்கையிலும் அம்முயற்சி பிந்தவில்லை. கொழும்பில் ஒல்லாந்தர் திருச்சபையில் குருவாக விளங்கிய பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் அச்சாயிற்று. பப்பிரிசியுவின் மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாடு 1772இலும் பழைய ஏற்பாடு 1796இலுமாக நிறைவெய்தியது. யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிசன் பாதிரியார் பீற்றர் பேர்சிவல், நல்லூர் ஆறுமுகநாவலரைத் துணையாகக் கொண்டு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. பேர்சிவல் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி நூலாக்கியவர். மக்கள் பேச்சின் மீது காது வைத்திருந்தவர். நாவலரோ இலக்கண வரம்பு கடவாதவர். அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எபிரேயர்தம் சைகைகளுக்குத் தமிழ் தேடிய காட்சி எண்ணிப் பார்க்க இன்பமானது.

பின்னர் போவர் பாதிரியாரின் தலைமையில் ஒரு குழு திருத்திச் செப்பம் செய்த மொழிபெயர்ப்பு 1871இல் முழு நூலாக வந்தது. சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் வழங்குவது அதுவே. அதிலே 'ஆட்டுதல்' என்ற சொல் இவ்விடத்தில் கையாளப்படவில்லை. 'துலுக்குதல்' என்ற சொல் வைக்கப்பட்டுள்ளது. குலுக்குதல், தளுக்குதல் என்பவற்றோடு ஒலியால் உறவாடும் சொல் அது. கேட்ட அளவிலே ஒரு செருக்கும் ஒரு வெட்டும் அதில் புலப்படும். உடன்பாட்டுத் தலையாட்டத்தோடு எவரும் அதை மயங்கக் கொள்ளார். கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு எளிய தமிழை நாடி, 'தலையசைத்து' என்று சொல்லிற்று. எளிமை வந்தது, ஏளனம் போயிற்று. பழஞ்சொல்லைக் கடுஞ்சொல் என்று களையுமுன், அது எந்த வேலைக்காக அங்கு நிறுத்தப்பட்டது என்று பார்ப்பது நன்று.

எபிரேயரின் இச்சைகை தனியொருவரை மட்டும் நோக்கியதன்று. கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமைச் சுட்டெரித்த பின், அந்நகரின் பாழைக் கடந்து சென்றோர் தலையை அசைத்ததாகப் புலம்பல் நூல் வருந்துகிறது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னே, கி.மு. 701இல், அதே நகர் மற்றொருவனைப் பார்த்துத் தலையசைத்ததையும் ஏசாயா நூல் காட்டுகிறது. அசீரிய மன்னன் சனகெரிபு யூதேயாவின் அரண்சூழ் ஊர்களைக் கைப்பற்றி எருசலேமை நெருக்கி நின்றான். அவன் திரும்பிப் போகும்போது, எருசலேம் என்னும் இளமங்கை அவன் முதுகுக்குப் பின்னே தலையை அசைப்பாள் என்று தீர்க்கதரிசி உரைக்கிறார். முதுகுக்குப் பின்னே என்பது கருதத்தக்கது. முகத்துக்கு நேரே செய்ய இயலாதவர்கள் செய்யும் ஏளனம் அது. அசீரியர்க்கு அந்த இடர் இல்லை. அவர்கள் தம் ஏளனத்தைக் கல்லிலே வெட்டிவைத்தார்கள். இலாகீசு என்னும் யூதேய நகர் வீழ்ந்து, அதன் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு சிறைபோவதையும், சனகெரிபு அரியணையில் அமர்ந்து அதைப் பார்ப்பதையும் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கினர். இலயார்டு என்ற ஆங்கிலேயர் அவற்றை அகழ்ந்தெடுத்தது 1840களில். யாழ்ப்பாணத்தில் பேர்சிவலும் நாவலரும் பழைய ஏற்பாட்டோடு மல்லாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்! அக்கற்கள் இன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன.

ஏளனச் சைகையைத் தமிழ் மரபு எங்ஙனம் நோக்கியது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு காரணம் கூறும். அவற்றுள் முதலாவது எள்ளல். அழுகைக்கும் நான்கு காரணம் கூறும். அவற்றுள் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்ட நிலை. ஒரே செயல் ஒருவனுக்குச் சிரிப்பையும் மற்றவனுக்குக் கண்ணீரையும் விளைப்பதை இலக்கண ஆசிரியர் இரண்டு தலைப்புகளில் முதலிடம் கொடுத்து வைத்துவிட்டார். பழைய உலகின் வெற்றிக் கல்வெட்டுகள் நகையின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. எபிரேயரின் சங்கீதங்களும் புலம்பல்களும் பெரும்பாலும் அழுகையின் பக்கத்திலிருந்து எழுந்தவை. உதடு எப்படிப் பிதுங்கிற்று, கண் எப்படிச் சிமிட்டிற்று, பல் எப்படி நறநறத்தது என்று அவை இத்துணை நுணுக்கமாகச் சொல்வதன் காரணமும் அதுவே. அடித்தவன் மறந்துவிடும் அடையாளங்களை அடிபட்டவன் மறவான்.

உதட்டைப் பிதுக்குதல் இருபத்திரண்டாம் சங்கீதத்தில் வருகிறது. இதற்குத் தமிழர் உரை தேட வேண்டியதில்லை. எந்த வீட்டுத் திண்ணையிலும் காணலாம். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டுவோரை ஏசாயா கடிகிறார். தமிழ்ச் சிறுவர் 'வலிச்சம் காட்டுதல்', 'பழிப்புக் காட்டுதல்' என்று சொல்வது அதுவே. முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்து முகத்தை வெட்டிக்கொள்ளும் தமிழ்ப் பெண்களின் சைகைக்கு மட்டும் விவிலியத்தில் இணை இல்லை. அந்த வகையில் தமிழின் களஞ்சியமே பெரிது! மூக்கின் கதை வேறு. பணத்தையும் கடவுளையும் ஒருங்கே சேவிக்க இயலாது என்று இயேசு சொன்னதைக் கேட்ட பரிசேயர் அவரை இகழ்ந்ததாக லூக்கா எழுதுகிறார். அவ்விடத்துக் கிரேக்க வினை 'மூக்கு' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. மூக்கைச் சுளித்தார்கள் என்று கண்முன் காட்டுவது. தமிழில் அது 'பரியாசம்' என்ற பொதுச்சொல்லாய் முடிந்தது. மூக்கைச் சுளித்தலும் முகஞ்சுளித்தலும் நம் பேச்சில் நிரம்ப இருந்தும், மொழிபெயர்த்தோர் ஏனோ இங்கே கை நழுவவிட்டனர்.

எல்லாவற்றினும் தமிழ்ச் செவிக்குப் புதிராய் நிற்பது 'ஈசல்' என்னும் சொல். பாழான நகரைக் கடந்து செல்வோர் ஈசல்போடுவர் என்று எரேமியாவும் புலம்பலும் பலகால் கூறுவதாகப் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளது. மழைக்காலத்து விளக்கைச் சுற்றும் சிறகுப் பூச்சியை எண்ணிக்கொள்ளும் இளையோர் பலர். ஈண்டு அது பல்லிடையே எழுப்பும் சீழ்க்கை ஒலி. திகைப்பும் இகழ்ச்சியும் கலந்த ஒலி. அவ்வெபிரேயச் சொல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு: தொலைவில் உள்ளதைச் சீழ்க்கையடித்து அழைத்தல். எகிப்தின் ஈக்களையும் அசீரியாவின் தேனீக்களையும் கடவுள் அவ்வாறே அழைப்பார் என்று ஏசாயா கூறுகிறார். ஒரே ஒலி அழைப்பாகவும் இகழ்வாகவும் நிற்பது எங்ஙனம் என்று ஐயுறுவோர்க்கு மாத்தளை மாவட்டத்து யட்டவத்த போன்ற ஊர்கள் விடை சொல்லும்.

யட்டவத்த மாத்தளை நகருக்கு வடமேற்கே, மலைச்சரிவுகளும் வயற்பள்ளங்களும் மாறிமாறி வரும் நிலத்தில் உள்ளது. சிங்களக் கிராமங்களும் தமிழர் வாழும் தோட்டங்களும் முசுலிம் குடியிருப்புகளும் அண்டி அமைந்த மாவட்டம் இது. மொழி வேறுபட்ட மக்கள் ஒரே சந்தையில் கூடும் இடத்தில் கையும் முகமும் ஒலியும் நாவைவிட மிகுதியாகப் பேசும். சிங்களவர் 'ஹூ' என்று நீட்டிக் கூவுவர். மலைக்கு மலை ஆளை அழைக்கும் குரல் அது. ஒரு கூவல் கேட்கும் தொலைவையே 'ஹூவ' என்று பழங்காலத்தில் வழியளக்கும் அளவாகவும் கொண்டனர். அதே 'ஹூ' ஒருவனைச் சூழ்ந்து பலர் எழுப்பும்போது அவன் நாணித் தலைகுனிவான். தமிழர் 'கூக்காட்டுதல்' என்பதும் இதுவே. கூவி அழைப்பதும் கூவி இகழ்வதும் ஒரே மூச்சில் நிகழக்கூடும் என்பதை இம்மலைகளில் வாழ்வோர்க்கு உரையாசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை. பாழடைந்த வீட்டைக் கடக்கும் தமிழ்க் கிழவி நாவால் 'உச்சு' கொட்டுவாளே, அஃது இரக்கம். ஈசல் அதனோடு ஒலியால் அண்மையது. உள்ளத்தால் மிகச் சேய்மையது.

இம்மலைகளுக்குள் விவிலியம் வந்த கதை சுவையுடையது. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சியில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் உரொபர்ட்டு நொக்சு, கையில் இரண்டு நூல்களே இருக்க, விவிலியமின்றி ஏங்கியிருந்தார். ஒரு முதியவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பதைத் தற்செயலாகக் கண்டார். அதை ஒரு பின்னல் தொப்பிக்கு ஈடாகப் பெற்றார். தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலில் அவரே இதைச் சொல்கிறார். ஆனால் அது தனியொருவரின் ஆறுதலோடு நின்றது. தமிழ் விவிலியம் மலைநாட்டுக்கு வந்தது கோப்பிக் காலத்தில். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து தம்புள்ளை வழியே மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் எண்ணற்றோர். 1850களின் நடுவில் சர்ச்சு மிசன் சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிசன்' என்ற பெயரால் தோட்டங்களில் பணி தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து லயங்களின் முன்றிலில் நின்று படித்துக் காட்டினர். பெயரிலேயே 'கூலி' என்று எழுதிக்கொண்டு அன்பைப் போதிக்க வந்த முரணை அக்காலத்தார் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவர் ஆகவில்லை. மாரியம்மனுக்குத் தேர் இழுத்தும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை ஆடியுமே அவர்கள் வாழ்ந்தனர். ஆயினும், கூத்தில் பழகிய கண்ணுக்குச் சைகையின் பொருள் நன்கு விளங்கும். துரியோதனன் தொடையைத் தட்டிக் காட்டியதும், பாஞ்சாலி நகைத்ததாகச் சொல்லப்படும் நகைப்பும் எத்தகைய போரை விளைத்தன என்று அறிந்தவர்கள் அவர்கள். இகழப்படுதல் இன்னதென்பதும் அவர்களுக்கு ஏட்டுப் பாடமன்று. துரையைக் கண்டால் தலைப்பாகையை அவிழ்த்துத் தோள்துண்டை இறக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். துரை மட்டுமோ? 'தோட்டக்காட்டான்' என்ற வசையைச் சொன்னவர்கள் வேற்றுமொழியாளர் அல்லர். அதே தமிழைப் பேசியவர்கள். 'கள்ளத்தோணி' என்பது மற்றொன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகள் எண்ணிப் பங்கிடும் பொருளாக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாக வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. அதுகாறும் அந்த இரு சொற்களும் கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் ஒலித்தன. சட்டம் மாறிய பின்னும் உதடு பிதுக்குவோர் அனைவரும் ஓய்ந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

தோள்துண்டுக்கு மற்றொரு மொழியும் உண்டு. மனம் முறிந்தவன் துண்டை எடுத்து ஓர் உதறு உதறித் தோளிற் போட்டுக்கொண்டு படியிறங்குவான். 'இனி இவ்வாசல் மிதியேன்' என்று அவன் சொல்லாமலே விளங்கும். விவிலியத்தில் இதற்கு மூன்று இடங்களில் நேர் இணை காணலாம். தம்மை ஏற்றுக்கொள்ளாத ஊரைவிட்டுப் போகும்போது காலின் தூசியை உதறிவிடும்படி இயேசு சீடர்க்குச் சொன்னார். பிசீதியா நாட்டு அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும் அங்ஙனமே செய்தனர். கொரிந்துவில் பவுல் தம் ஆடையையே உதறினார். இவற்றினும் பழையதும் ஆழமானதும் நெகேமியாவின் செயல். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமின் மதிலைக் கட்ட வந்த ஆளுநர் அவர். ஏழைகள் தங்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகுவைத்து, பின்னர் பிள்ளைகளையும் அடிமைகளாக ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்ததைக் கேட்டுச் சினங்கொண்டார். வட்டிக்குக் கொடுத்த பெருமக்களைக் கூட்டி, நிலத்தைத் திருப்பித் தரும்படி ஆணையிட்டுத் தம் மேலாடையின் மடிப்பை உதறிக் காட்டினார். வாக்குத் தவறுபவன் இவ்வாறே வீட்டிலிருந்து உதறப்படுவான் என்பது பொருள்.

மலைநாட்டார்க்கு இக்கதை வேறொரு துண்டை நினைவூட்டியிருக்கும். தோட்டத் தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் 'துண்டு' என்றே பெயர். அக்கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்தார் மற்றொரு தோட்டத்தார்க்குத் தெரிவிக்கும் சீட்டு அது. புதிய தோட்டத்தில் வாங்கிய முற்பணத்தால் பழைய கடன் தீரும். தொழிலாளியோ கடனோடேதான் இடம்பெயர்வான். கங்காணியின் கையில் அக்கடன் கயிறாய் நின்றது. 1921இல் சட்டம் செய்து அம்முறையை ஒழித்தனர். தோளில் இருந்த துண்டை உதறிப் போக அவனை விடாதது இந்தத் தாள்துண்டே.

உமிழ்தலுக்கும் கன்னத்தில் அறைதலுக்கும் விளக்கம் வேண்டா. அண்ணன் இறந்தபின் அவன் மனைவிக்குரிய கடமையை மறுக்கும் தம்பியின் காற்செருப்பைக் கழற்றி, அவன் முகத்தில் அவள் உமிழவேண்டும் என்று உபாகமம் சட்டமே விதித்தது. வியப்பென்னவெனில், ஊமையனுக்கும் குருடருக்கும் நலம் அளிக்கையில் இயேசு தம் உமிழ்நீரையே மருந்தாக்கினார் என்று மாற்கும் யோவானும் எழுதுகிறார்கள். அதே உமிழ்நீரைப் பிறகு போர்வீரர் அவர் முகத்தில் எறிந்தனர். தாடியின் இழிவோ ஒரு போரையே மூட்டியது. அம்மோன் நாட்டு மன்னன் இறந்தபோது துக்கம் விசாரிக்கத் தாவீது தூதரை அனுப்பினான். புதிய மன்னன் ஆனூன் அவர்களை வேவுகாரர் என்று ஐயுற்று, ஒவ்வொருவருக்கும் பாதித் தாடியைச் சிரைத்து, ஆடையை இடுப்போடு கத்தரித்துத் திருப்பி விட்டான். தாடி வளரும் வரையில் எரிகோவில் தங்கியிருக்கும்படி தாவீது அவர்களுக்குச் சொல்லியனுப்பினான். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிய நம் ஊர்த் தண்டனையை எண்ணினால் ஆனூனின் கருத்துப் புரியும். முழுத் தாடியையும் சிரைத்தால் அது வெறும் மழிப்பு. பாதியை விட்டால்தான் ஊர் சிரிக்கும்.

உரோமப் போர்வீரர் செய்ததும் இந்த இனமே. செந்நிற மேலங்கி, முள்ளாலான முடி, செங்கோலுக்குப் பதில் ஒரு கோல், முன்னே முழந்தாட்பணிதல் என்று அரசமரியாதை ஒன்றும் குறையாமல் நடத்திக் காட்டினார்கள். மரியாதையின் வடிவத்தையே எடுத்து அதற்குள் இகழ்ச்சியை ஊற்றுவது ஏளனத்தின் முதிர்ந்த கலை. இவ்விகழ்ச்சி அவரோடு முடியவில்லை. உரோமின் பாலத்தீன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கீறல் வெளிப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம். கீழே கையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆள். அலெக்சாமெனோசு தன் கடவுளை வணங்குகிறான் என்று பிழைமலிந்த கிரேக்கத்தில் பக்கத்தே கிறுக்கியிருக்கிறது. கிறுக்கியவன் பெயர் தெரியாது. இகழப்பட்டவன் பெயர் ஆயிரத்து எழுநூறு ஆண்டுகட்கு மேலாக நிலைத்துவிட்டது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, விவிலியம் ஏளனத்தையே வெறுக்கும் நூல் என்று முடிவுகட்டிவிட இயலாது. எலியா பாகாலின் பூசகரை நையாண்டி செய்கிறார்: உங்கள் கடவுள் பயணம் போயிருப்பார், உறங்கிக்கொண்டிருப்பார், உரக்கக் கூவுங்கள் என்கிறார். இரண்டாம் சங்கீதத்தில் வானுறைபவரே நகைக்கிறார். அவர் நகைப்பது தமக்கு எதிராகக் கூடிய மன்னரைப் பார்த்து. எலியா நகைத்ததும் அரசியின் பந்தியில் உண்ட நானூற்றைம்பது பேரைத் தனியே எதிர்நின்று. எசேக்கியேல் அம்மோனியரைக் கடிவது வேறொன்றுக்காக. எருசலேம் எரிந்தபோது அவர்கள் கைகொட்டிக் காலால் தரையை மிதித்து மகிழ்ந்தார்கள். வீழ்ந்தவனைக் கண்டு கைகொட்டினார்கள். கைகொட்டுதல் குற்றமென்றால் மரங்கள் கைகொட்டும் என்று ஏசாயா பாடியிருக்க மாட்டார். செவிடனைத் திட்டாதே என்று லேவியராகமம் ஒரு கட்டளை தருகிறது. செவிடனுக்கு அவ்வசை கேட்கப்போவதில்லை. ஆதலால் அவன் மறுமொழி சொல்லவும் முடியாது. இயலாதவனை நோக்கிய இகழ்ச்சியே விவிலியத்தின் சினத்துக்கு இலக்கு. யார், யாரை நோக்கி, எந்நிலையில் என்னும் வினாவை விடுத்துச் சைகையை மட்டும் எடைபோடுவது பயனற்றது.

அவ்வினாவை விவிலியத்தைக் கொணர்ந்தவர்கள்மீதும் தொடுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் வெளியிட்ட துண்டுப் பிரசுரங்கள் சைவர்தம் வழிபாட்டை எள்ளி நகையாடின. ஆட்சி அவர்கள் பக்கம். அச்சியந்திரமும் பள்ளிக்கூடமும் அவர்கள் பக்கம். பேர்சிவலுக்கு விவிலியத் தமிழ் செம்மைப்படுத்திக் கொடுத்த நாவலர், அவரை விட்டு நீங்கியபின் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். நீங்கள் எங்கள் பூசையில் எவற்றை இகழ்கிறீர்களோ, அவற்றை ஒத்தவை உங்கள் பழைய ஏற்பாட்டுக் கோயிலிலும் உண்டே என்று அந்நூலில் இடங்காட்டி வாதிட்டார். விவிலியத்தை வரிவரியாகப் பெயர்த்த கைக்கு அவ்விடங்கள் தேடாமலே அகப்பட்டன. நாவலரின் நாவிலும் இகழ்ச்சி உண்டு. அது மிகக் கூரியது. ஆனால் முதலில் தலை துலுக்கியவர் யார் என்பதை வரலாறு மறைக்கவில்லை.

மண்ணை வாரித் தூற்றுதல் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இகழ்ச்சியும் சாபமும் ஒன்றான செயல். தெருவில் நின்று இருகையாலும் மண்ணை அள்ளி எதிரியின் வாசலை நோக்கி வீசும் ஏழையின் கடைசி ஆயுதம் அது. தாவீது அரசனுக்கும் அது நேர்ந்தது. பெற்ற மகன் அப்சலோம் அரசைக் கவர்ந்துகொள்ள, தாவீது எருசலேமைவிட்டு ஓடினான். பகூரிம் என்னும் ஊரருகே, பழைய மன்னன் சவுலின் குலத்தவனான சீமேயி எதிர்மலைச் சரிவில் கூடவே நடந்து, கல்லெறிந்து, மண்ணைத் தூற்றி, 'இரத்தப்பழி கொண்டவனே, போ' என்ற கருத்தில் வைதான். அவன் தலையை வெட்டி வரட்டுமா என்று அபிசாயி கேட்டான். தாவீது தடுத்தான். பெற்ற மகனே உயிரைத் தேடும்போது இவன் தூற்றுவதில் என்ன வியப்பு என்று சொல்லிக்கொண்டு, மேலே மண் விழ விழ நடந்தான்.

அப்சலோம் மாண்டபின் தாவீது மீண்டு வருகையில் சீமேயி ஆயிரம் பேரோடு யோர்தானுக்கு ஓடிவந்து காலில் விழுந்தான். நீ சாவதில்லை என்று அரசன் ஆணையிட்டுக் கொடுத்தான். ஆண்டுகள் சென்றன. தாவீது சாவுப்படுக்கையில் கிடந்து மகன் சாலொமோனுக்கு இறுதி மொழி சொன்னான். அதிலே பகூரிமில் தூற்றியவனின் பெயரும் இருந்தது. அவனை நான் வாளால் கொல்வதில்லை என்று ஆணையிட்டேன், நீ அறிவுள்ளவன், அவன் நரைமயிரை இரத்தத்தோடு பாதாளத்தில் இறங்கச்செய் என்றான். சாலொமோன் சீமேயியை எருசலேம் எல்லை கடவாது இருக்கும்படி கட்டளையிட்டான். மூன்றாண்டு கழித்து, ஓடிப்போன இரண்டு அடிமைகளைத் தேடிச் சீமேயி கழுதைமேல் சேணமிட்டுக் காத் நகர்க்குப் போய், அவர்களை அழைத்துக்கொண்டு திரும்பினான். அரசன் பெனாயாவைப் பார்த்தான். பெனாயா வெளியே போய்ச் சீமேயியைக் கொன்றான்.